பிள்ளையாருக்கு வைத்த கடலை

கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையின் கடைசியில், தகரம் அடித்த கராஜில்தான் என் கார் நிற்கிறது. வாடகைக்கு ஓடுகிற கார். ஆண்டு எட்டோடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு அதைவிட்டால் வேறு கதியில்லை. அதனால் அதைப்பற்றி எப்போதும் பயம்தான். மழை பெய்தால் தகரம் ஒழுகுமோ, வெயிலடித்தால் டயர் வெடிக்குமோ என்று. எலி வரத் தொடங்கிய பிறகு மற்றப் பயங்களெல்லாம் சின்னதாகிவிட்டன.

அந்துருண்டை போட்டேன். புகையிலையைத் துணியில் முடிந்து என்ஜினுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டேன். ஒட்டும் அட்டை வைத்ததில் ஒரு எலிக்குஞ்சு ஒட்டிக்கொண்டு கீச்சிட்டது. பார்க்கப் பொறுக்காமல் தேங்காய் எண்ணெய் ஊற்றிக் கழற்றிவிட்டேன்.

"நல்லாத்தான் எலி பிடிக்கிறீங்க. எண்ணெய் தேச்சிட்டீங்க, சீயாக்காயும் போட்டு அனுப்புங்க" என்றாள் மனைவி.

வெள்ளிக்கிழமைகளில் பொறி எதுவும் வைப்பதில்லை. பிள்ளையாரின் வாகனமல்லவா. அன்று கோயிலிலிருந்து அவித்த கடலையும் மோதகமும் கொண்டுவந்து, டாஷ்போர்டில் இருக்கும் பிள்ளையாருக்கு முன்னால் வாழையிலைத் துண்டில் வைப்பேன். மறுநாள்வரை எடுக்க மாட்டேன். சாமிக்கு வைத்ததை உடனே எடுத்தால் ஓட்டத்தில் ஏதாவது நடந்துவிடும் என்று நினைப்பு. காலையில் இலையில் கொஞ்சம் குறைந்திருந்தால் மனம் குளிர்ந்துபோகும். எப்படிக் குறைகிறது என்று நான் யோசிக்கவேயில்லை.

பக்கத்து வீட்டில் ஒரு முஸ்லிம் அக்கா இருக்கிறார்; ராத்தா என்றுதான் கூப்பிடுவேன். கணவரை இழந்தவர், பிள்ளைகளின் உடுப்புத் தைத்துச் சீவிப்பவர். இரண்டு கண்ணிலும் புரை விழுந்து, தையலே தடவலாகப் போய்க்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போவேன். கராஜ் மதிலடியில் இரண்டு பூனைகளுக்கு மீன் பிசைந்த சோறு வைப்பது அவர் வழக்கம்.

அவருடைய ஆபரேஷன் நாளன்று காலை சாவியைத் திருப்பினேன். கார் ஸ்டார்ட் எடுக்கவில்லை. எலி வயரைக் கடித்திருக்க வேண்டும். மழைக்குள் ஒரு த்ரீவீலைப் பிடித்துப் போனோம். புதுக்கடையில் கோர்ட்டு நேரத்து நெரிசலில் மாட்டிக்கொண்டோம். போய்ச் சேர்ந்தபோது அவருடைய முறை கடந்துவிட்டது. தாதி இரண்டு மாதம் தள்ளி வேறு நாள் போட்டுக் கொடுத்தார்.

"பரவாயில்ல தம்பி. கார் பழுதானா நீங்க என்ன செய்ற" என்றார் ராத்தா.

வெட்கத்தில் எதையாவது சொல்ல வேண்டும்போல இருந்தது.

"நீங்க பூனைக்கு வைக்கிற சோத்துக்குத்தான் ராத்தா எலி வருது" என்றேன்.

அவர் முகம் சுருங்கிப்போனது. அன்று மாலையிலிருந்து சோறு வைக்கவில்லை. பூனைகள் சில நாள் மதிலடியில் காத்திருந்துவிட்டு எங்கோ போய்விட்டன.

அந்த வாரமே ஒருகொடவத்தையிலிருந்து மெக்கானிக் பாஸ் வந்து காரைத் திறந்தார். வயர்களெல்லாம் தோலுரிந்து கிடந்தன. பற்றரியைக் கழற்றினால், அடியில் எலிக்கூடு. கிழிந்த கடதாசி, என் புகையிலைத் துணி, குவியலாகக் கடலைத் தோல், காய்ந்த மோதகத் துண்டு. ஒரு சோற்றுப் பருக்கைகூட இல்லை.

"மல்லி, மேக்க பூஜாவக்த?" என்று பாஸ் சிங்களத்தில் கேட்டுச் சிரித்தார். என்ஜினுக்கும் பூசையா என்று.

ராத்தா தன் வாசலில் நின்று கேட்டார். அந்தத் தூரத்துக்கு அவருக்குக் கண் தெரியாது.

"என்ன தம்பி இரிக்குது? சோறா?"

"ஓம் ராத்தா" என்றேன்.

பிறகு வெள்ளிக்கிழமையில் பூ மட்டும் வைத்தேன். எலித் தொல்லை குறைந்தது. ராத்தாவுக்கோ, சோற்றை நிறுத்தியதால்தான் என்று முடிவு. பழைய சீலையில் நீளமாக ஒரு பை தைத்து, மணல் நிரப்பி, கராஜ் கதவின் கீழ் இடுக்கை அடைக்கச் சொல்லித் தந்தார்.

"என்ட பிழையாலதானே ஒங்களுக்கு இவ்வளவு செலவு."

தையல் வளைந்து வளைந்து போயிருந்தது. அந்தக் கண்ணோடு எத்தனை தரம் ஊசியில் நூல் கோர்த்தாரோ. ஒவ்வொரு நாளும் கார் எடுக்கும்போது அந்தப் பையைக் காலால் தள்ள மனம் வராமல் குனிந்து கையால் எடுத்து வைத்தேன். சொல்லிவிடலாம் என்று அவர் வாசல்வரை போவேன். போய், "தேத்தண்ணி குடிச்சாச்சா ராத்தா?" என்று கேட்டுவிட்டுத் திரும்புவேன்.

புதிய நாள் வந்தது. கார் முதல் திருப்பிலேயே ஸ்டார்ட் எடுத்தது. புதுக்கடையில் மறுபடி நின்றோம். கறுப்புக் கோட்டுக்காரர்கள் கார்களுக்கு நடுவே கடந்து போனார்கள். அவர்களைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"ராத்தா, எலி வந்தது உங்கட சோத்தால இல்ல. நான் சாமிக்கு வைச்ச கடலையால."

பின் சீட்டிலிருந்து ராத்தா முன்னுக்குச் சாய்ந்தார்.

"அண்டைக்கு, சோறா எண்டு கேட்டனே. ஓம் எண்டீங்க."

"ஓம் ராத்தா."

"அந்தச் செவலைப் பூனை வயித்துல குட்டியோட இருந்திச்சு தம்பி."

முன்னால் வாகனங்கள் நகரத் தொடங்கின.

"ரோட்டப் பாத்து ஓட்டுங்க" என்றார். "இண்டைக்கும் பிந்தக் கூடாது."

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். நேரத்தோடு ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தி, ஓடிப்போய்ப் பின்கதவைத் திறந்து, வழமைபோல் கையை நீட்டினேன். எப்போதும் அதைப் பிடித்துக்கொண்டுதான் அவர் இறங்குவார். அன்று கதவின் விளிம்பைத் தடவிப் பிடித்து, காலால் தரையைத் தேடித் தேடித் தானே இறங்கினார்.