நலம் என்று எழுதிய எலியேசர்

எலியேசருக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லத் தெரியாது. மறைமலை நகரில் கார் உதிரி பாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் முப்பத்தோரு வருடம் ஃபிட்டர் வேலை. வருடம் முழுக்க லீவே போடாத ஆளை ஆயுதபூஜை அன்று மேடையேற்றி எவர்சில்வர் குடம் கொடுப்பார்கள். அவர் வீட்டில் ஒன்பது குடம். காய்ச்சலோடு மிஷின் முன்னால் நின்று வாங்கியவை. தொழிலாளி தன் உடம்பைத் தானே ஏமாற்றிக்கொள்ள நிர்வாகம் கண்டுபிடித்த பரிசு அது. இவரோ அலமாரியில் அடுக்கி வைத்துப் பெருமைப்பட்டார்.

ஓய்வு பெற்ற மறு வருடம் ஆப்பிரிக்காவில் மலாவிக்குப் போனார். அங்கே ஒரு சின்ன ஊரில் பெற்றோர் இல்லாத குழந்தைகளுக்கு ஒரு இல்லம். நடத்துவது பெருங்களத்தூர்க்காரர் பிரிட்டோ. எதையும் பழுது பார்க்கத் தெரிந்த ஆள், சம்பளம் கேட்காமல் வேண்டும் என்றார். எலியேசர் பெட்டியைக் கட்டிவிட்டார்.

விடிந்தால் தண்ணீர் பம்பு. பிறகு மாவு மிஷின். வெயில் ஏறியதும் கொசுவலைக் கிழிசல்களைத் தைப்பார். இல்லத்தில் யாருக்காவது மலேரியா வராத மாதமே கிடையாது. மூன்று வேளையும் மக்காச்சோளக் களி. நாற்பது குழந்தைகளில் சிசோமோ என்று ஒரு மூன்று வயதுச் சிறுமி. மத்தியானத் தூக்கம் இவர் நெஞ்சின் மேல்தான் என்று அடம்பிடிப்பாள். ஒருவர் பாஷை மற்றவருக்குத் தெரியாது. அதனால் சண்டையும் இல்லை.

அங்கே ஒரு விதி உண்டு. பெரியவர்கள் காலையில் காய்ச்சல், இருமல் இருக்கிறதா என்று ஒரு நோட்டில் எழுதிவிட்டுத்தான் குழந்தைகளிடம் போகவேண்டும். எட்டாவது மாதம் எலியேசருக்கு வறட்டு இருமல் தொடங்கியது. தோட்டத்துப் பக்கம் போய் இருமிவிட்டு வந்து 'நலம்' என்று எழுதினார். மறுநாளும் நலம். இரண்டு மாதமும் நலம்.

விடுமுறைக்குத் தாம்பரம் பக்கம் ராஜகீழ்ப்பாக்கம் வீட்டுக்கு வந்தபோது, பேண்ட் இடுப்பில் நிற்கவில்லை. அவர் மனைவி ஹெப்சி பள்ளிக்கூட டீச்சர். வாசலிலேயே விசாரணை.

"என்னங்க, ஆளு பாதியா வந்து நிக்கிறீங்க? எத்தன நாளா இந்த இருமல்?"

"ரெண்டு மாசம் இருக்கும். தண்ணி மாறிச்சுல்ல."

"ரெண்டு மாசமா ஒரே தண்ணிதானே குடிச்சீங்க? கெளம்புங்க ஆஸ்பத்திரிக்கு."

தாம்பரம் பக்கம் ஒருவன் இரண்டு மாதம் இருமினால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். மனசுக்குள் சானடோரியம் என்று அங்கேயுள்ள டிபி ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லிக்கொள்வார்கள். எலியேசரும் சொல்லிக்கொண்டார். தனக்கு டிபி என்றால் ஆறு மாதம் மாத்திரை, தீர்ந்தது. அந்தப் பயம் இல்லை. தினமும் நெஞ்சின் மேல் படுத்த பிள்ளைக்கு அதை ஒட்டவைத்துவிட்டோமா? அதுதான் அவரை அரித்தது. ஹெப்சியிடமும் சொன்னார்.

எக்ஸ்ரே எடுத்தார்கள், சளியைச் சோதனைக்கு வாங்கினார்கள். முடிவு வர இரண்டு நாள் ஆகும் என்றார்கள்.

"பிரிட்டோவுக்கு போன் போடுங்க" என்றாள் ஹெப்சி.

"ரிசல்ட் வரட்டுமே."

"டிபின்னா அந்தப் புள்ளைக்கு ரெண்டு நாள் வீண்."

"சொன்னா திரும்ப வராதீங்கன்னுடுவான்."

"சொல்லட்டும். போடுங்க."

போட்டார். பிரிட்டோவிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

"அண்ணா, தெனம் நலம்னு எழுதினீங்களே!"

"எழுதினேன்பா. பொய்தான்."

"இன்னாண்ணா நீங்க? இது ஃபேக்டரியா? நீங்க வரலேன்னா மிஷின்தான் நிக்கும். இருமிகினு வந்தா பசங்க படுத்துடும்."

"பாப்பாவ டாக்டர்கிட்ட கூட்டினு போப்பா."

"போறேன். போன வைங்க."

இரண்டு நாள் எலியேசருக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் டாக்டர் சரிதா காகிதங்களைப் புரட்டினார்.

"கிருமி இல்ல. எக்ஸ்ரே சுத்தம். டிபி இல்ல சார்."

"இன்னொரு தபா பாத்துடுங்க மேடம்."

"பாத்தாச்சு. என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?"

சட்டைப் பையிலிருந்து பிரஷர் மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினார். இங்கிருந்து கொண்டுபோனது ஏழு மாதத்தில் தீர்ந்தது. அங்கே கிளினிக்கில் கொடுத்த வேறு மாத்திரை இது.

"இது எப்பலேர்ந்து?"

"எட்டாம் மாசத்துலேர்ந்து."

"இருமல்?"

"அதுவும் எட்டாம் மாசந்தான்." ஹெப்சி தலையில் அடித்துக்கொண்டாள்.

"சில பேருக்கு இந்த மாத்திரை வறட்டு இருமல் கொடுக்கும். வேற எழுதுறேன். சில வாரத்துல நின்னுடும். அங்க என்ன சாப்பிட்டீங்க?"

"களி."

"வீட்டுல?"

"காலைல எட்டு இட்லி, மேடம்" என்றாள் ஹெப்சி.

"அப்ப எடை ஏன் குறையாது?"

வெளியே வந்ததும் எலியேசர் மரத்தடிச் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து சிரித்தார், சிரிப்பு இருமலானது, பக்கத்திலிருந்தவர் நகர்ந்து உட்கார்ந்தார். ஹெப்சி அந்த ஆளிடம், "பயப்படாதீங்க, மாத்திரை இருமல்" என்றாள்.

விஷயத்தைச் சொல்ல பிரிட்டோவைக் கூப்பிட்டார்கள். அவரிடமும் செய்தி இருந்தது.

"இங்கயும் டாக்டர் பாத்துட்டாரு. சிசோமோவுக்கு ஒண்ணும் இல்ல. ஆனா நான் திட்டினத வாபஸ் வாங்கமாட்டேன்."

"வாங்காத."

"எப்ப வரீங்க?"

எலியேசர் வாயெடுப்பதற்குள் ஹெப்சி போனைப் பிடுங்கினாள்.

"இருமல் நிக்கட்டும், நாலு கிலோ ஏறட்டும். அப்புறம் அனுப்புறேன்."

"மாவு மிஷின் நின்னுபோச்சுக்கா."

"நிக்கட்டும். சிசோமோ எங்க?"

"சமையக்காரம்மா மேல தூங்கமாட்டேன்னு ரகள பண்ணிகினு கீது."

எலியேசர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். ஹெப்சி கையிலிருந்த மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு, அவளுக்கு முன்னால் மருந்துக்கடையைப் பார்த்து நடந்தார்.