மீரான் ‘ஆமா’ சொன்னால்தான்

முக்கூடல் பள்ளிவாசலில் ஏணிமேல் நின்று தொழுகை நேரப் பலகையை மாட்டிக்கொண்டிருந்தபோதுதான் எங்கள் தெருப் பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார் போன் செய்தார். "மீரான் மவுத்தாயிட்டாரு வே. நெஞ்ச அடைக்குன்னு சொல்லியிருக்காரு. ஆசுபத்திரிக்குப் போற வழியிலயே முடிஞ்சிட்டு." ஏணியை விட்டு எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை.

மேலப்பாளையத்தில் அவரும் நானும் கூட்டாக அந்தப் பலகைகளைச் செய்து விற்றுவந்தோம். ஐந்து வேளைத் தொழுகை நேரமும் அதில் ஓடும். முதுகில் உள்ளங்கை அளவுக்கு ஒரு சின்னக் கம்ப்யூட்டர் போர்டு இருக்கும். அதன் நினைவகம் போர்டோடு பற்றவைத்தது, கழற்ற முடியாது. பழுதானால் போர்டிலுள்ள பொத்தானை அமுக்கிக்கொண்டே யுஎஸ்பி கேபிளை லேப்டாப்பில் செருக வேண்டும். உள்ளே கிடக்கும் நினைவகம் ஒரு பென் டிரைவ் போலத் திரையில் வந்து நிற்கும். அதன்மேல் மென்பொருளைப் புதிதாக எழுதினால் பலகை பிழைத்துக்கொள்ளும். அது திரையில் தெரியும்போதெல்லாம் மீரான், "வந்துட்டாரு மாப்பிள்ளை!" என்று கையைத் தட்டுவார்.

தொழில் தொடங்கிய புதிதில் ஒருநாள் அவசரத்தில் அவர் எழுதியது போர்டில் அல்ல, பக்கத்தில் செருகியிருந்த டிஸ்கில். அவர் தங்கச்சியின் நிக்காஹ் படங்கள் மொத்தமும் அதில்தான் இருந்தன, எல்லாம் அழிந்துபோயின. அந்தப் பெண் வெகுநாள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அன்றே ஒரு சட்டம் போட்டார். எழுதும் முன் ஒருவர் டிஸ்கின் பெயரையும் அளவையும் உரக்க வாசிக்க வேண்டும். மற்றவர் பார்த்து "ஆமா" சொல்ல வேண்டும்.

எனக்கு எரிச்சலாக வரும். "இத்தன வருசமாச்சு, இன்னுமா வே வாசிக்கணும்?" என்பேன்.

"உமக்கு ரெண்டு கண்ணு, எனக்கு ரெண்டு கண்ணு. நாலையும் வச்சுப் பாப்போம். பைய வாசியும்."

நான் கோபித்துக்கொண்டு சாயா குடிக்கப் போய்விட்டால்கூட, திரும்பி வரும்வரை திரையில் ‘எழுது’ என்பதை அழுத்தாமல் உட்கார்ந்திருப்பார். அப்படிப்பட்ட மனிதர்.

அடக்கம் முடிந்த வாரமே எங்கள் தெருப் பள்ளிவாசல் பலகை நின்றுபோனது. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குள் ஓடியாக வேண்டும். கடையைத் திறந்து, அவர் நாற்காலிப் பக்கம் திரும்பாமல் போர்டைச் செருகினேன். திரையில் வந்தது. பெயரை வாசித்தேன். பதில் சொல்ல ஆளில்லை. அழுத்திவிட்டால் இந்த வேலை இனி என் ஒருவனுடையது என்று ஆகிவிடும். அதற்குத்தான் கை வரவில்லை. அன்றுதான் வாய்விட்டு அழுதேன்.

பலகையைத் திரும்ப எடுத்துப்போக வந்த மோதினார் வாசலிலேயே நின்றுவிட்டார். எங்கள் சட்டம் அவருக்கும் தெரிந்ததுதான். பிறகு, "நான் பாக்கட்டா வே?" என்று கேட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்தெழுத்தாக வாசித்து, "ஆமா, இதான்" என்றார். அழுத்தினேன்.

ஜும்ஆவில் பலகை ஓடியது. தொழுகை தொடங்குகிறது என்று இகாமத் சொன்னதும் முதல் வரிசையில் நின்றோம். என் வலப்பக்கம், மீரான் வழக்கமாக நிற்கும் இடம் காலியாக இருந்தது. தொழுகை வரிசையில் இடைவெளி விடக் கூடாது. யாராவது வரமாட்டார்களா என்று பின்னால் பார்த்தேன். கடைசியில் நானே நகர்ந்து அங்கே நின்றேன்.

நீர் உறங்குற கபுரை அல்லாஹ் விசாலமாக்கி வைக்கட்டும், மீரான். மனசே இல்லாமத்தான் வே உம்ம இடத்துல நின்னேன்.