ஈர ஆடுகளின் முதலாளி

"நகருங்க தாயிங்களா, நகருங்க. மத்தியானம் ஆட்டம் இருக்கு. போட்ட புழுக்கை போதும்."

சனிக்கிழமை காலைகளில் ஆல்பி பென்ரோஸ் தன் செம்மறிகளிடம் இப்படித்தான் பேசுவார். கையில் கோல் கிடையாது. தொப்பியைக் கழற்றி ஒரு வீசு வீசுவார். ஆடுகள் அதற்குத்தான் அடங்கும். அவை ஓடைப்பக்கத்து வயலுக்குள் போனதும் படலைச் சாத்திவிட்டு மண்வாரியோடு திரும்பி வருவார். குனிந்து குனிந்து புழுக்கை அள்ளுவார். இரண்டு மணிக்கு அதே புல்லில் எங்கள் ஊர் முன்யாராவின் கால்பந்துக் கிளப் விளையாடும்.

அறுபது தாண்டிய மனிதர். குளிர்காலம் முழுவதும் ஒரே கோட்டு. அதில் ஒரு பொத்தான் மட்டும் ஆட்டெலும்பில் அவரே சீவியது. ஆறிப்போன தேநீரைப் புட்டியில் கொண்டுவந்து குடிப்பார். சூடாக யாராவது கொடுத்தால் ஆறும்வரை காத்திருப்பார். கிளப் தொடங்கிய நாளிலிருந்து இருப்பவர், ஆனால் பந்தை ஒரு முறைகூட உதைத்ததில்லை. கேட்டால், "உதைக்கிறதுக்கு ஊர்ல காலா இல்ல? எடம் குடுக்கத்தான் ஆளில்ல" என்பார்.

கிளப் தொடங்கிய கதையைச் சொல்லும்போது மட்டும் அவருக்கு இன்னும் கோபம் வரும்.

என் அப்பா லூக் ஹேன்லன் இந்த ஊருக்கு வந்தது ஆல்பியின் ஆடுகளுக்கு ரோமம் கத்தரிக்க. ஆடு ஈரமாக இருந்தால் கத்தரிக்கக் கூடாது. கத்தரிக்கிறவனின் மூட்டுக்கு ஆகாது. ஈரமா இல்லையா என்பதைக் கத்தரிக்கிறவர்கள்தான் ஓட்டுப் போட்டுத் தீர்மானிப்பார்கள். ஆளுக்கொரு கம்பளித் துணுக்கு: காய்ந்திருந்தால் வெள்ளை, ஈரமென்றால் கறுப்பு. துணுக்கை மூடிய கையோடு தொப்பிக்குள் போட வேண்டும். ஆட்டுக்குச் சொந்தக்காரருக்கு ஓட்டுக் கிடையாது. தொப்பியைப் பிடித்தவர் அப்பா.

"அன்னிக்கு மழையா பெஞ்சுது? நாலு தூத்தல். ஆடு காஞ்சு கருவாடா நிக்குது. தொப்பியக் கவுத்தா பூரா கறுப்பு! ஏன்னு கேளு. உங்கப்பன் பொட்டிக்குள்ள புதுப் பந்து வச்சிருந்தான். ஆடா ஈரம்? அவன் காலு அரிப்பு!"

"அப்புறம்?"

"திட்டலாம்னு போனேன். அதுக்குள்ள கல்யாணமானவன் ஒரு பக்கம், ஆகாதவன் ஒரு பக்கம்னு பிரிஞ்சு என் புல்லை உழுதுட்டிருந்தாங்க. வாய்யா முதலாளி, புள்ளிக் கணக்க நீ பாத்துக்கன்னு சொல்லி உங்கப்பன் என்னை வேலி மேல உக்கார வச்சுட்டான். அன்னிக்கு உக்காந்தவன்தான்."

அந்தப் பருவத்தில் ஆடுகள் பலமுறை ஈரமாயின. பக்கத்து ஊர்க்காரர்கள் 'ஈர ஆடுகள்' என்று கேலி செய்தார்கள். கிளப் அந்தப் பெயரையே வைத்துக்கொண்டது. கத்தரிப்பு முடிந்தும் அப்பா ஊரை விட்டுப் போகவில்லை.

ஆல்பியின் புல்வெளியில் ஒரு குறை இருந்தது. நட்டநடுவில் ஒரு தைலமரம். முதல் நாளிலிருந்தே அதைச் சுற்றித்தான் ஆடினார்கள். எங்கள் கால்பந்தில் பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர், பந்தைக் கையாலும் எடுக்கலாம். உதைத்த பந்து தரையில் படுமுன் பிடித்தால் அது மார்க். பிடித்தவனை யாரும் மறிக்கக் கூடாது. மரத்தில் பட்டுத் தெறித்து வந்ததைப் பிடித்தாலும் மார்க்தான் என்பது அப்பா போட்ட சட்டம். எந்தக் கிளைக்கு எப்படி உதைத்தால் எங்கே விழும் என்பது எங்கள் ஆட்களுக்கு அத்துப்படி. வந்து தோற்றவர்கள் கத்துவார்கள்: "உங்க பக்கம் பத்தொம்பது பேருடா! அந்தத் தடியனுக்கும் ஒரு சட்டைய மாட்டி விடுங்க!"

ஓட முடியாமல் போன பிறகும் அப்பா ஆட்டத்தின் நடுவே அந்த மரத்தில் முதுகைச் சாய்த்து நின்றிருப்பார். எந்த நடுவரும் அவரை வெளியே போகச் சொன்னதில்லை. மரத்தோடு சேர்த்து எண்ணிவிட்டார்கள்.

இந்தப் பிப்ரவரியில் அப்பா இறந்தார். கோதுமை மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர் வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்தார். எழவில்லை.

மார்ச்சில் ரயிலடி ஊரான கெர்லாங்கில் எல்லாக் கிளப்புகளும் கூடி ஒரு கூட்டமைப்பு தொடங்கின. எங்கள் தலைவன் பெர்சி டல்லி போய்விட்டுத் திரும்பினான். நேராக ஆல்பியின் வாசலுக்கு வந்தான். நானும் அங்கே இருந்தேன்.

"களத்துக்குள்ள எதுவும் நிக்கக் கூடாதாம், மாமா. மரம் இருந்தா நாம இல்ல."

"இல்லாட்டிப் போகுது. நாமளே ஆடிக்குவோம்."

"யாரோட? நம்ம பசங்கள்ல பாதிப் பேரை கெர்லாங்காரன் இப்பவே கூப்பிட்டுட்டான். போயிட்டா பதினெட்டுப் பேருக்கு நான் எங்க போக? உங்க ஆட்டுக்குத்தான் சட்டை மாட்டணும்."

"மரம் என்னுது. போய்ச் சொல்லு." கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் காலை என்னிடம் வந்தார். நான் நில அளவையாளன். அவருக்கு அது எப்போதும் கேலிக்கு வசதி.

"சர்வேயரே, மரத்த விட்டுட்டுக் களத்த நகத்த முடியுமா?"

புல்வெளியில் அளவைக் கருவியை நாட்டிப் பார்த்தேன். கிழக்கே ஓடை. மேற்கே பாறை. தெற்கே ஊர்ச்சாலை. வடக்கே சரிவு, பந்து தானாகவே உருண்டுவிடும்.

"முடியாது, மாமா."

"கண்ணாடியத் தொடச்சுட்டுப் பாத்தியா?"

"பாத்தேன்."

"இன்னொரு தடவ பாரு."

இன்னொரு தடவை பார்த்தேன். எனக்கும் வேறு விடை வேண்டியிருந்தது.

வேலிமேல் ஏறி உட்கார்ந்து தொப்பியைக் கழற்றினார். பிறகு, "உங்கப்பன் இருந்தா என்ன பண்ணியிருப்பான்?"

"தொப்பிய நீட்டியிருப்பார்."

"ஆமா. படுபாவி."

ஞாயிறு வழிபாடு முடிந்ததும் கத்தரிப்புக் கொட்டகையில் கூடினோம். வெட்டலாம் என்றால் வெள்ளை, கூடாது என்றால் கறுப்பு. தொப்பி ஆல்பியுடையது. அதை நீட்டுவதற்கு முன் அறிவித்தார்: "இத்தனை வருஷமா எனக்கு ஓட்டே குடுக்கல. இன்னிக்கு நானும் போடுவேன்."

"ரெண்டு கலரும் கையில இருக்கே, மாமா?" என்றான் பெர்சி.

"ஒண்ணத்தான்டா போடுவேன். நான் என்ன ஹேன்லனா?"

கொட்டகை சிரித்தது. நானும் சிரித்தேன், அப்பா இறந்தபின் அதுதான் முதல் தடவை.

தொப்பியைக் கவிழ்த்தார். எல்லாம் வெள்ளை. ஒன்றே ஒன்று கறுப்பு. எல்லோரும் ஆல்பியைப் பார்த்தார்கள்.

"என்னை ஏன்டா மொறைக்கிறீங்க? நான் வெள்ளை. கிளப்பு இல்லாத மரத்த வச்சிக்கிட்டு நான் என்ன பண்ண?"

"கறுப்பு நான் போட்டது," என்றேன்.

ஆல்பி அந்தக் கறுப்புத் துணுக்கைப் பொறுக்கி என் சட்டைப்பையில் செருகினார்.

மரம் வெட்டிய அன்று அவர் கெர்லாங் சந்தைக்குப் போய்விட்டார். விற்க எதையும் கொண்டு போகவில்லை. அடிக்கட்டையைத் தோண்டி, குழியை நிரப்பி, உருளை ஓட்டி, ஓடைக்கரைப் புல்லை வெட்டி வந்து பதித்தார்கள். நான் மட்டம் பார்த்தேன். அங்கே மரம் இருந்ததென்று வெளியூர்க்காரனுக்குத் தெரியாது.

கூட்டமைப்பில் எங்கள் முதல் ஆட்டம் கெர்லாங்கோடு. வேலி நெடுக வண்டிகள். பெர்சி பந்தோடு களத்தின் நடுவே ஓடி வந்தான். நடுமையத்தில் இடப்பக்கம் வளைந்தான். கெர்லாங்காரன் மரம் இருந்த இடத்தின் வழியே நேராக வந்து பந்தைப் பறித்துக்கொண்டு போனான். அடுத்தவனும் வளைந்தான். அதற்கடுத்தவனும். ஒரு பந்து வானத்தில் உயர்ந்து நடுவில் இறங்கியது. அதற்கு நேர் கீழே எங்கள் ஆட்கள் ஒருவரும் போகவில்லை. தெறித்து வரும் என்று சுற்றி நின்று கைநீட்டினார்கள். கெர்லாங்காரன் நிதானமாக வந்து தரையிலிருந்து எடுத்தான்.

"என்னப்பா, பேயைச் சுத்தறீங்களா? கற்பூரம் வேணுமா?" என்று வேலிக்கு வெளியே ஒருவன் கூவினான்.

ஆல்பி வேலிமேல் எழுந்து நின்றுவிட்டார். "மரம் இல்லடா! நேரா ஓடுங்கடா, குருட்டுப் பயலுங்களா! வெட்டச் சொன்னவன் நான், எனக்குத் தெரியாதா? ஒண்ணுமில்லடா அங்க!"

பெரிதாகத் தோற்றோம். ஆனால் பதினெட்டுப் பேரும் எங்கள் ஆட்கள். அடுத்த சனிக்கிழமையும் ஆட்டம் உண்டு.

வண்டிகள் போனபின் படலைத் திறந்து ஆடுகளை உள்ளே விட நாங்கள் இருவரும் களத்தைக் கடந்தோம். ஆல்பிக்குக் கோபம் தணியவில்லை.

"வெட்டவெளி. பொட்டல். குழந்தைக்குக்கூடத் தெரியும். அதப் போயி சுத்திச் சுத்தி ஓடறானுங்களே, இவனுங்களுக்கு அறிவுன்னு ஒண்ணு..."

நடுமையம் வந்தது. பேசிக்கொண்டே என் சட்டைக் கையைப் பிடித்து வலப்பக்கம் இழுத்தார். மறுகையால் தொப்பியை அழுத்திக்கொண்டு, தாழ்ந்த கிளைக்குக் குனிந்தார். நானும் குனிந்தேன்.