அக்கா விட்ட மார்ஜின்

அந்தத் தோட்டக்கலை மாத இதழில் பக்கம் வடிவமைக்கும் வேலை அக்காவுக்குக் கிடைத்ததே ஒரு துணிச்சலான பொய்யால்தான். ஆபீசில் எல்லோருக்கும் அவள் அக்கா. பன்னிரண்டு வருடம் ஜெராக்ஸ் கடையில் தட்டச்சு செய்தவள். "லேஅவுட் தெரியுமா?" என்று ஆசிரியர் கேட்டபோது, "அத்துப்படி சார்" என்று அடித்துவிட்டாள். போகப் போகப் பார்த்துக்கொள்ளலாம் என்ற தைரியம்.

பிறகு அந்தத் தொழிலின் சொற்களைத் தேடிப் பிடித்துச் சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்தாள். பக்கத்தைச் சுற்றி விடும் வெற்றிடம் மார்ஜின். இரண்டு பக்கம் சேரும் மடிப்போர இடைவெளி கட்டர். வெட்டும் கோட்டையும் தாண்டிப் படத்தை நீட்டிவிட்டால் பிளீட். பாத்திரம் தேய்த்துக்கொண்டே அவள் முணுமுணுப்பதைக் கேட்டு, "யாரைத் திட்டுறே? என்னையா?" என்று கணவர் தள்ளியே நின்றார்.

ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் வேலையை நிரந்தரம் செய்வார்கள். அதற்குப் பத்து நாள் இருக்கும்போது வினை வந்தது. ரோஜாச் செடிக் கட்டுரையில் ஒரு படத்தை வைக்கவே மறந்துவிட்டாள். பாதிப் பக்கம் வெள்ளை வெளேரென்று பல்லிளித்தது.

"என்ன இது?" என்று ஆசிரியர் புரூஃபை நீட்டினார்.

"ஷேடோ மார்ஜின் சார். கண்ணுக்குக் கொஞ்சம் ஓய்வு குடுக்க விடுவாங்க." அப்படி ஒன்று உலகத்திலேயே கிடையாது.

ஆசிரியர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "தெரியும், தெரியும். கொஞ்சம் அதிகமாயிடுச்சோன்னுதான் கேட்டேன்."

மறுநாளிலிருந்து அவருக்கு அதே பைத்தியம். உரமோ, பூச்சியோ, வாசகர் கடிதமோ, எந்தப் பக்கத்தைக் காட்டினாலும் "ஷேடோ மார்ஜின் பத்தாதே" என்பார். சிரிப்பை அடக்க அக்கா படாத பாடு பட்டாள்.

அந்தச் சிரிப்பு அச்சகக்காரர் போன் செய்யும் வரைக்கும்தான். "ஷேடோ மார்ஜின் குறையக் கூடாதுன்னு சார் சொல்றாரு. முப்பது வருஷமா பிரஸ் நடத்துறேம்மா, இப்படி ஒண்ணைக் கேள்விப்பட்டதே இல்லை. வெள்ளிக்கிழமை வந்து சாரையே கேட்டுக்கறேன்."

அவள் வேலை நிலைக்குமா என்று தெரியப்போவதும் அதே வெள்ளிக்கிழமைதான். பொய்யில் ஆரம்பித்த வேலைதான், ஆனால் இப்போது அதன்மேல் அவளுக்குக் கொள்ளை ஆசை. ஒரு பக்கம் கச்சிதமாக அமைந்துவிட்டால் அன்று முழுக்கச் சந்தோஷம் தாங்காது. திரும்பவும் ஜெராக்ஸ் கடையா என்று நினைத்தாலே அழுகை முட்டியது.

வெள்ளிக்கிழமை காலையில், அச்சகக்காரர் வருவதற்கு முன்பே ஆசிரியர் அறைக்குள் நுழைந்தாள். "சார், அது நான் கட்டிவிட்ட கதை. படம் வைக்க மறந்துட்டேன்" என்று கொட்டித் தீர்த்தாள்.

ஆசிரியர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். "வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது சார்."

"நேத்து முதலாளிகிட்ட இதைப் பத்தி அரை மணி நேரம் விளக்கியிருக்கேன். நானே கண்டுபிடிச்சதுன்னு வேற சொல்லித் தொலைச்சிட்டேன்."

அவருக்கு வேர்த்துக் கொட்டியது. மேஜை டிராயரிலிருந்து அவளுடைய நிரந்தர நியமன உத்தரவை எடுத்து, மடமடவென்று கையெழுத்துப் போட்டு அவள் பக்கம் தள்ளினார்.

"இந்தாங்க. ரிட்டயர் ஆகற வரைக்கும் நீங்க வேற எந்த ஆபீசுக்கும் போகக் கூடாது."