மூன்று வாரமாகக் கழன்ற திருகு

லிஃப்ட் மெக்கானிக்குகள் அவரைக் காதுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். லிஃப்ட் ஏறி இறங்கும் சத்தத்தைக் கேட்டே எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். அந்தக் காதுக்குப் பரிசாகக் கம்பெனி அவரை சூப்பர்வைசர் ஆக்கியது. கண்ணாடிக் கதவு போட்ட அறை, சுழல் நாற்காலி, கீழே பதினான்கு பேர். இனி அவர் கையில் கிரீஸ் படக் கூடாதாம்.

லீவு கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார். ஒரு திங்கட்கிழமை வேலைக்கு இரண்டு பேர்தான் மிச்சம். தாமதமாக வந்தவனைக் கண்டிக்கக் கூப்பிட்டு, உட்காரவைத்து, தானே மன்னிப்புக் கேட்டு அனுப்பினார். ‘பிரமாதமான தலைவன்டா நீ’ என்று முகம் கழுவும்போது கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிக்கொள்வார். இரண்டு வருடத்தில் சோறு இறங்குவது நின்றது. வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் கட்டையைச் சாய்த்தார்.

“ஃபேன் ஒரு வாரமா கரகரங்குது, உங்களுக்குக் கேக்கலையா?” என்றாள் மனைவி.

கேட்கவில்லை. காதும் போய்விட்டால் அவரிடம் வேறென்ன இருக்கிறது, சுழல் நாற்காலியா?

அதற்கு அவர் கண்டுபிடித்ததுதான் உலகமகா வைத்தியம். சனிக்கிழமைதோறும் ஆபீஸ் லிஃப்ட் காலியாக நிற்கும்போது, கட்டுப்பாட்டுப் பெட்டியில் ஒரு திருகைத் தளர்த்திவிடுவார். லிஃப்ட் நகராது. “நானே பாத்துக்கறேன்” என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு கிளம்புவார். அன்றைக்கு மட்டும் நன்றாகப் பசிக்கும்.

மூன்றாவது சனிக்கிழமை, பழைய கூட்டாளி தடியன் அவருக்கு முன்னால் பெட்டியைத் திறந்துவிட்டான்.

“அண்ணே, அதே ஸ்க்ரூ மூணாவது தடவை. இது தானாக் கழலாதுண்ணே. உங்களுக்கு என்ன ஆச்சு?”

பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தார். “அந்த ரூம்ல மூச்சு முட்டுதுடா” என்று வந்துவிட்டது. கண்ணும் கலங்கியது.

பழுது அறிக்கைத் தாள் ஒன்றை எடுத்து அவரே நிரப்பினார். பழுது: திருகைத் தளர்த்தியது சூப்பர்வைசர். காரணம்: ஆளைத் தவறான இடத்தில் மாட்டியிருக்கிறது. செய்ய வேண்டியது: கழற்றிப் பழைய இடத்தில் மாட்டவும்.

மேனேஜர் இரண்டு தடவை படித்தார். “இதுல நான் கையெழுத்துப் போட்டா, ஆபீஸே உங்களப் பாத்துக் கைகொட்டிச் சிரிக்கும்.”

“சிரிக்கட்டும் சார்,” என்றார் காதுக்காரர். “எனக்குக் கேக்குதான்னு பாக்கணும்.”