பட்டாபிராமைத் தாண்டிப் போன கோபம்

அன்று அம்பத்தூர் கம்பெனியில் சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் என்னைத் திட்டினார். வாயைத் திறக்காமல் வேலையை முடித்துவிட்டு, மாலை ரயிலில் பெண்கள் பெட்டியில் ஏறினேன். சென்ட்ரலில் ஏறும் தோழி எனக்காக ஜன்னலோரம் கைக்குட்டை போட்டு இடம் பிடித்து வைப்பது வழக்கம். அன்று அந்தக் கைக்குட்டையை ஓரமாக மடித்து வைத்துவிட்டு, ஒரு பூக்காரம்மா உட்கார்ந்திருந்தார்.

கத்தினேன். அவர் எழுந்து இடம் கொடுத்த பிறகும் உட்காராமல், ஓய்ந்து ஓய்ந்து மறுபடி ஆரம்பித்தேன். தோழி ஆவடியில் இறங்கிப் போனதைக்கூடக் கவனிக்கவில்லை.

“எங்கம்மா எறங்கணும்?” என்றார் பூக்காரம்மா.

“பட்டாபிராம்!”

“அது அப்பவே பூட்ச்சும்மா. என்னையா திட்டிக்கினு கீற நீ? வேற யாரையோ திட்ட முடியாம வந்துகீற.”

நெமிலிச்சேரியில் இறங்கி, திரும்பிப் போகும் ரயிலுக்காக நின்றேன். கால் வலித்தது. சூப்பர்வைசரிடம் சொல்லியிருக்க வேண்டிய ஒரு வார்த்தையை, அந்தம்மாவிடம் அத்தனை ஸ்டேஷன் தூரமும் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறேன்.

இப்போதும் கோபம் வருகிறது. வந்தால், இது யார் மேல் என்று முதலில் என்னையே கேட்டுக்கொள்கிறேன். பாதி நாள், பதில் கிடைப்பதற்குள் பட்டாபிராம் வந்துவிடுகிறது.