வற்றிய கிணற்றில் அம்பாள் காட்டிய கல்

புருஷனைப் பறிகொடுத்த வருஷமே கிணற்றையும் பறிகொடுத்தவள் நான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசியில் நடந்தது இது.

திண்டிவனத்துக்குப் பக்கத்தில் எங்கள் நிலம். கிணறு என் மாமனாரும் அவர் தம்பியும் சேர்ந்து வெட்டியது. என் வீட்டுக்காரர் கண் மூடியதும், அந்தத் தம்பியின் மகன் கோவிந்தசாமி, எனக்குக் கொழுந்தன் முறை, தன் அப்பா ஒருத்தரே வெட்டிய கிணறு என்று திண்டிவனம் முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டார். வெட்டினவர்கள் இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை. தோற்றேன். இனி ஒரு குடம்கூட நான் இறைக்கக் கூடாது என்று தீர்ப்பு.

விழுப்புரம் சப் கோர்ட்டுக்கு அப்பீல் போனேன். வக்கீல் ஐயா ஒளிக்காமல் சொன்னார்: "இருக்கிற சாட்சியத்தை வச்சுத்தாம்மா பேச முடியும். பெரிசா நம்பிக்கை வச்சுக்காதீங்க."

வாய்தாவுக்குப் போகும்போதெல்லாம் பக்கத்தில் திருவாமாத்தூர் கோயிலுக்குப் போய் அம்பாள் முன்னால் நிற்பேன். வழக்கைப் பற்றிக் கேட்க வாய் வராது. "தாயே, மழையாவது குடு. மல்லாட்டையாவது வெளையட்டும். ரெண்டு பொம்பளப் புள்ளைங்களுக்குக் கஞ்சி ஊத்தணும்" என்று அழுவேன்.

மழை வரவில்லை. மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலை பூவிலேயே கருகியது. அடுத்த வருஷமும் வானம் பொய்த்தது. சந்நிதியிலேயே கேட்டுவிட்டேன், "உனக்குக் காது இல்லையா?" என்று.

அந்தப் புரட்டாசியில் ஒரு மத்தியானம் கோவிந்தசாமி சம்சாரம் பட்டம்மா என் வாசலில் வந்து நின்றாள். வழக்குக்கு அப்புறம் எங்களுக்குள் பேச்சே கிடையாது.

"அக்கா, கெணறு அடியோட வத்திப் போச்சு. கீழ ஒரு கல்லுல எழுத்து தெரியுது. அதப் பாத்ததுலேர்ந்து அவரு சோறு திங்காம உக்காந்துக்கினு இருக்காரு. நாளைக்கு ஆள வச்சுப் பேத்துடணும்னு சொல்றாரு. எனக்குப் பயமா இருக்குதுக்கா. நானும் புள்ள பெத்தவ."

ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன். முதல் ஊற்று கண்ட தேதியோடு பதித்த கல். என் மாமனார் பேரும் அவர் தம்பி பேரும் வெட்டியிருந்தது. அடியில் 'சமபாகம்' என்று இருந்தது. ஊரையே கூவி அழைத்தேன். ஊர் பார்த்த பிறகு அதைத் தொட யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

விழுப்புரத்தில் என் வக்கீல் அந்தக் கல்லைச் சாட்சியமாகச் சேர்க்கக் கேட்டதும், எதிர் வக்கீல் எழுந்து, அப்பீலில் புது சாட்சியம் சேர்க்கக் கூடாது என்றார். ஜட்ஜ் என் வக்கீலைப் பார்த்தார்.

"கீழ்க் கோர்ட்டில் இதை ஏன் காட்டவில்லை?"

"தண்ணிக்குள்ள இருந்ததுங்க. அந்தம்மா எவ்வளவு முயற்சி பண்ணியிருந்தாலும் பாத்திருக்க முடியாதுங்க."

ஜட்ஜ், நேரில் பார்த்து எழுதி வர ஒரு வக்கீலைக் கமிஷனராக அனுப்பச் சொல்லி உத்தரவு போட்டார்.

கமிஷனர் வந்தபோது ஐப்பசி பிறந்துவிட்டது. வானம் கறுத்துக்கினு வந்தது. மழைக்கு அழுத நான், "இன்னும் கொஞ்சம் பொறுத்துக்க தாயே" என்று மேகத்தைப் பார்த்துக் கும்பிட்டேன். இரண்டு தரப்பும் பார்த்திருக்க, அவர் கயிற்றைப் பிடித்து இறங்கி, எழுத்தை அப்படியே நகல் எடுத்துக்கொண்டு ஏறினார். அந்த வாரமே மழை பிடித்தது. கல் தண்ணீருக்குள் போய்விட்டது. இன்றுவரை வெளியே வரவில்லை.

கிணற்றில் பாதி எனக்கு என்று தீர்ப்பானது. கோர்ட்டு வராந்தாவில் நின்று யோசித்தேன். நான் கேட்டபோதே மழை பெய்திருந்தால் அந்தக் கல் கண்ணில் பட்டிருக்குமா? அவள் கொடுக்காமல் இருந்ததும் கொடுத்ததுதான்!

கோவிந்தசாமி கொஞ்ச நாள் முகம் கொடுக்கவில்லை. ஒரு காலையில் வரப்பில் வந்து நின்று, "அண்ணி, இன்னிக்கு உங்க முறை. தண்ணி பாய்ச்சிக்கோங்க" என்றார். பட்டம்மா என் கூடப் பிறக்காத தங்கச்சியாகிவிட்டாள். அன்றிலிருந்து நான் எதையும் இப்படித்தான் வேண்டும் என்று கேட்பதில்லை.

எனக்கு நடந்ததைச் சொல்லிவிட்டேன். உங்கள் பாரத்தையும் அம்பாளிடம் இறக்கி வையுங்கள். அவள் எந்த வழியாக வருவாள் என்பதை மட்டும் நீங்கள் தீர்மானிக்காதீர்கள்.